மதுரையிலிருந்து நாலு நண்பர்கள் முதுகுப் பையோடு மலேசியா போகிறோம். நகரங்கள், மழைக்காடு இரண்டும் பார்க்க பத்து நாளை எப்படித் திட்டமிடலாம்?

முதலில் மாதத்தை முடிவு பண்ணுங்கள். அரையாண்டு விடுமுறையோடு சேர்த்து டிசம்பரில் போகலாம் என்று யாராவது சொன்னால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். நவம்பரிலிருந்து ஜனவரி வரை மலேசியத் தீபகற்பத்தின் கிழக்குப் பக்கம் அடைமழை. தாமான் நெகாரா என்ற மழைக்காட்டுத் தேசியப் பூங்காவில் ஆறு ஏறி நடைபாதைகள் மூழ்கும். பிப்ரவரி கடைசியிலிருந்து செப்டம்பர் வரை பரவாயில்லை. சித்திரைத் திருவிழா முடிந்து கிளம்பினால் சரியாக இருக்கும். அப்போதும் மதியத்துக்கு மேல் இடி மழை வரலாம், அதனால் காட்டு நடையைக் காலையிலேயே வையுங்கள்.

மாட்டுத்தாவணியில் பஸ் ஏறி, திருச்சி பஞ்சப்பூர் பேருந்து நிலையத்தில் இறங்கி விமான நிலையம் போங்கள். அங்கிருந்து கோலாலம்பூருக்கு நேரடி விமானம். குறைந்த கட்டண டிக்கெட்டில் கைப்பைக்கு 7 கிலோதான், அதுவும் சின்னப் பையையும் சேர்த்து. ஆளுக்கு ஒரு செக்-இன் வாங்குவது வீண். நாலு பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு 20 கிலோ வாங்கி, கத்தி, 100 மில்லிக்கு மேற்பட்ட கொசு மருந்து, எண்ணெய், ஷூ எல்லாவற்றையும் அதில் போடுங்கள். பவர் பேங்க் மட்டும் கையிலேயே வரவேண்டும்.

இந்தியர்களுக்கு 2026 டிசம்பர் 31 வரை 30 நாள் விசா தேவையில்லை. ஆனால் எம்டாக் என்கிற டிஜிட்டல் வருகை அட்டையை, போய் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் ஆன்லைனில் நிரப்ப வேண்டும். கட்டணம் கிடையாது, பணம் கேட்கும் தளம் என்றால் அது போலி. பாஸ்போர்ட் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும்.

இமிகிரேஷனை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தமிழ்நாட்டிலிருந்து கும்பலாக வரும் இளவட்டங்கள் வேலைக்கு வருகிறார்களோ என்ற சந்தேகம் அங்கே உண்டு. பதில் சரியில்லை என்றால் உள்ளே விடாமல் திருப்பி அனுப்பிவிடுவார்கள். எல்லா விவரமும் ஒருத்தன் போனில் இருந்து, மற்ற மூவரும் 'அவனைக் கேளுங்கள்' என்று கைகாட்டுவதுதான் பெரும்பாலும் சிக்கலாகிறது. திரும்பும் டிக்கெட், அறை முன்பதிவு, கைச்செலவுக்கான ஆதாரம் மூன்றையும் ஒவ்வொருவரும் தனித்தனியாகப் பிரிண்ட் எடுத்து வைத்திருங்கள். எந்த ஊரில் எத்தனை ராத்திரி என்பது நாலு பேருக்கும் மனப்பாடமாக இருக்கட்டும்.

பத்து நாளுக்குச் சரியாக வருவது இந்த வரிசை: கோலாலம்பூர் இரண்டு ராத்திரி, தாமான் நெகாரா மூன்று, பினாங்கு மூன்று, கடைசி ராத்திரி மறுபடி கோலாலம்பூர். காட்டைக் கடைசியில் வைத்தால் மழையில் பஸ்ஸோ படகோ தாமதமாகி விமானத்தை விடுவீர்கள். ஈரத் துணி மூட்டையோடு ஏர்போர்ட் போக வேண்டியும் வரும்.

கோலாலம்பூரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். ரயில், இந்தியக் கடைகள் நிறைந்த பிரிக்ஃபீல்ட்ஸ், மஸ்ஜித் இந்தியா பகுதிகள், பத்துமலையின் 272 படி எல்லாம் இரண்டு நாளில் முடியும். கிராப் ஆப்பில் கூப்பிடும் டாக்சியில் ஒரு விஷயம்: நாலு சீட் கார் என்றால் நாலு பேர் உட்காரலாம், நாலு பெரிய பை ஏறாது. பை இருக்கும் நாளில் ஆறு சீட்டுக்குப் போடுங்கள். பிளக் மூன்று சதுர முனை. நம் சார்ஜர் நுழையாது, ஆளுக்கொரு அடாப்டர் வேண்டும். டெபிட் கார்டில் வெளிநாட்டுப் பயன்பாட்டை ஊரிலேயே வங்கி ஆப்பில் திறந்துவிடுங்கள், இல்லையென்றால் முதல் ஏடிஎம்மிலேயே மாட்டிக்கொள்வீர்கள்.

தாமான் நெகாராவுக்குக் கோலாலம்பூரிலிருந்து ஜெராந்துட் வரை பஸ், சுமார் மூன்று மணி நேரம். போகும் ஊருக்கு ஏற்பக் கோலாலம்பூரில் பேருந்து நிலையம் மாறும், டிக்கெட்டில் எந்த நிலையம் என்று பார்த்துப் போங்கள். ஜெராந்துட்டிலிருந்து பூங்கா வாசல் ஊரான கோலா தாஹானுக்கு வேன் ஒன்றரை மணி நேரம். கோலா தெம்பெலிங் துறையிலிருந்து படகு என்றால் மூன்று மணி நேரம் வரை ஆகும். போகும்போது படகு, வரும்போது வேன் என்று வையுங்கள். காட்டுக்குத் தேவையான மலேசியப் பணத்தை (ரிங்கிட்) ஜெராந்துட்டிலேயே எடுத்துவிடுங்கள். தங்குவது ஆற்றுக்கு இந்தக் கரை, பூங்கா அலுவலகமும் காடும் அந்தக் கரை; கடப்பதற்குச் சின்னப் படகு உண்டு.

இனி ஈரம். அங்கே காற்றே நனைந்துதான் இருக்கும். துவைத்துப் போட்ட ஜீன்ஸ் மூன்று நாளானாலும் காயாது. ஜீன்ஸ், டர்க்கி டவல், தோல் ஷூ மூன்றையும் ஊரிலேயே விட்டுவிடுங்கள். ஈரிழைத் துண்டு இரண்டு, கைலி ஒன்று, மெல்லிய பாலியெஸ்டர் பேன்ட் இரண்டு போதும். கைலிதான் போர்வை, உடை மாற்ற மறைப்பு, படகில் வெயில் தடுப்பு எல்லாம். பைக்கு வெளியே போடும் மழை உறையை நம்பாதீர்கள், முதுகுப் பக்கமாகத் தண்ணீர் இறங்கும். பைக்கு உள்ளே தடித்த பாலித்தீன் உறை ஒன்றை விரித்து, அதற்குள் துணியை அடுக்கி, வாயை முறுக்கிக் கட்டுங்கள். காலுக்கு அங்கே ரப்பர் மரத்தில் பால் எடுப்பவர்கள் போடும் முழு ரப்பர் ஷூவே சரி. 'கம்போங் அடிடாஸ்' என்று கேட்டால் ஜெராந்துட் மாதிரிச் சின்ன ஊர்க் கடைகளில் மலிவாகக் கிடைக்கும். அடியில் குமிழ் இருப்பதால் சேற்றில் வழுக்காது, கவிழ்த்தால் தண்ணீர் கொட்டிவிடும். பெரிய பாதம் உள்ளவர்களுக்கு அளவு கிடைப்பது கஷ்டம்.

ரத்தம் உறிஞ்சும் அட்டைப்பூச்சி ஏறாமலிருக்க லீச் சாக்ஸ் என்ற துணிக் காலுறையை இங்கே டெய்லரிடமே தைத்துக்கொள்ளலாம். நெருக்கமாக நெய்த காடாத் துணி ஜோடிக்கு ஒன்றேகால் மீட்டர், முழங்கால் வரை உயரம், மேலே நாடா, தையல் வெளிப்பக்கம். உள்பக்கம் தைத்தால் விரலை அறுக்கும். டெய்லர் கணுக்காலை அளந்து ஒட்டத் தைத்துவிடுவார்; காடா இழுபடாது என்பதால் குதிகால் நுழையாது. குதிகாலையும் மேல்பாதத்தையும் சேர்த்துச் சுற்றி அளந்து, அதற்கு மேல் மூன்று சென்டிமீட்டர் விடச் சொல்லுங்கள். பேன்ட்டை இதற்குள் விட்டுத்தான் நாடா கட்ட வேண்டும். மீறி அட்டை கடித்தால் பிய்க்காதீர்கள், உப்பும் நெருப்பும் வேண்டாம். மெல்லிய முனைதான் வாய். அதன் ஓரத்தில் நகத்தைத் தோலோடு ஒட்டிச் சரித்துத் தள்ளினால் விட்டுவிடும். அதன் எச்சில் ரத்தத்தை உறைய விடாது. ரொம்ப நேரம் கசிந்தாலும் பயப்படாமல் துணி வைத்து அழுத்திக் கட்டுங்கள்.

காட்டில் ஒரு ராத்திரி தங்க ஆசையென்றால் பும்புன் கும்பாங். விலங்கு பார்ப்பதற்கான மரக் குடில் அது, மின்சாரம் கிடையாது. நடந்தால் 11 கிலோமீட்டர். கோலா திரெங்கான் வரை படகில் போனால் மீதி நடை ஒரு மணி நேரத்துக்குள். பூங்கா அலுவலகத்தில் முன்பதிவு செய்யுங்கள், முதல் தடவை என்றால் வழிகாட்டியோடு போங்கள். கூலி நாலாகப் பிரிவதால் உறைக்காது. எலி தொல்லை அதிகம். சாப்பாட்டைப் பைக்குள் வைத்தால் பையையே கடிக்கும், கயிற்றில் தொங்கவிடுங்கள். தண்ணீர் ஆளுக்கு மூன்று லிட்டர், ஓஆர்எஸ் இரண்டு பொட்டலம். கிளம்பும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுச் சுமையோடு அழகர்கோவில் அடிவாரத்திலிருந்து நூபுர கங்கை வரை ஏறிப் பாருங்கள். பையில் என்ன அதிகம் என்று தோளே சொல்லிவிடும்.

சைவக்காரர்கள் கவனிக்க: கீரை வதக்கலில்கூட பெலாச்சான் என்ற இறால் விழுது போடுவார்கள். வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். பினாங்கு ஜார்ஜ் டவுனில் அந்தக் கவலை குறைவு, லிட்டில் இந்தியாவில் சைவக் கடைகள் உண்டு. காட்டிலிருந்து வந்த துணியையெல்லாம் அங்கே காசு போடும் லாண்டரியில் டிரையரில் போட்டு எடுங்கள்.

கொசு மருந்தை மாலையில் மறக்க வேண்டாம். அந்தக் காடுகளில் குரங்குகளிடமிருந்து கொசு வழியாக மனிதருக்கு வரும் நோலெசி வகை மலேரியா உண்டு. தடுப்பு மாத்திரை தேவையா என்று கிளம்பும் முன் டாக்டரிடம் கேளுங்கள். மதுரை திரும்பிய சில வாரங்களுக்குள் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் பாரசிட்டமாலோடு காத்திருக்காமல் அன்றே ரத்தம் கொடுத்துப் பாருங்கள், மலேசியக் காட்டுக்குப் போய் வந்ததை டாக்டரிடம் தவறாமல் சொல்லுங்கள்.