மனநலத்துக்கு மனதை மட்டும் கவனித்தால் போதாதா?

போதாது. உடல், மனம், சமூகச் சூழல் மூன்றையும் சேர்த்தே நோயைப் பார்க்க வேண்டும் என்று 1977-இல் அமெரிக்க மருத்துவர் ஜார்ஜ் எங்கெல் எழுதினார். நான் அதை வீட்டிலேயே பார்த்தேன்.

என் சித்தி ஒரு வருடம் எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தார். பால் பொங்கி வழிவதைப் பார்த்துக்கொண்டே அடுப்படியில் நிற்பார். "மனசைத் தைரியமா வச்சுக்கோ" என்று சொல்லாத ஆளில்லை. ரத்தப் பரிசோதனையில் தைராய்டு சுரப்பு குறைவு என்று தெரிந்தது. அது குறைந்தாலும், வைட்டமின் பி12 குறைந்தாலும் மனச்சோர்வு போலவே இருக்கும். மாத்திரையில் உடம்பு தேறியது. ஆனால் சித்தப்பா போன பிறகு வந்த தனிமைக்கு ஏது மாத்திரை? பக்கத்து வீட்டு அக்கா தினமும் சாயங்காலம் வந்து கோயில்வரை நடக்கக் கூட்டிப்போனார். அதன் பிறகுதான் சித்தி மறுபடி வாசலில் கோலம் போட்டார்.

சுயவளர்ச்சியும் அப்படித்தான். தூக்கம் கெட்டுக் கிடக்கும்போது லட்சியம் பேசிப் பயனில்லை. முதலில் தினமும் ஒரே நேரத்தில் எழுந்திருங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் சோர்வு விடவில்லையென்றால் மருத்துவரைப் பாருங்கள். இந்தியாவில் இருந்தால் அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸ் 14416-ஐ அழைக்கலாம். இலவசம், தமிழிலேயே பேசலாம்.