ரசத்தில் கரைத்த மாத்திரை

அன்புள்ள ஆலோசகருக்கு,

எனக்கு வயது 41. தஞ்சாவூர் மாவட்டத்தில் ஒரு சிற்றூர். எங்கள் நூலக வாசகர் வட்டத்தில் இந்த முறை 900 பக்கத்துக்கு மேல் போகும் ஒரு குடும்ப நாவலை எடுத்துக்கொண்டோம். மூன்று தலைமுறைக் கதை. மூத்த மகனுக்கு 22 வயதில் மனச்சிதைவு நோய் வருகிறது. அவன் மாத்திரை சாப்பிட மறுப்பதால் அம்மா அதைப் பொடித்து ரசத்தில் கரைத்துக் கொடுக்கிறாள். ஒருநாள் அடுப்படி வாசலில் நின்று அவன் அதைப் பார்த்துவிடுகிறான். அதற்கப்புறம் அந்த வீட்டில் கை நனைப்பதில்லை. கடைசியில் ஒரு விடியற்காலையில் ரயிலேறிப் போய்விடுகிறான். நாவல் முடியும்வரை திரும்புவதில்லை.

என் தம்பிக்கு 36 வயது. அவனுக்கும் 14 வருடமாக இதே நோய். இப்போது இரவில் நோய்க்கு ரிஸ்பெரிடோன் 4 மி.கி., கூடவே அது தரும் விறைப்பும் நடுக்கமும் குறைய ட்ரைஹெக்ஸிபெனிடில் 2 மி.கி. தானே எடுத்துப் போட்டுக்கொள்கிறான். மூன்று வருடமாகப் பெரிய தொந்தரவு இல்லை. ஆனால் அதற்கு முன் ஏழெட்டு மாதம் எங்கள் அம்மாவும் அந்த நாவல் அம்மா செய்ததைத்தான் செய்தார்கள். ரசத்துக்குப் பதில் காபி. எனக்கும் தெரியும். தம்பிக்கு இன்றுவரை தெரியாது.

வட்டத்தில் எட்டுப் பேர். "தாய்தான் அவனை நோயாளி ஆக்கினாள்" என்றார் ஒருவர். "மாத்திரைதான் அவனைக் கெடுத்தது, நிறுத்தின மாதம் எவ்வளவு தெளிவாகப் பேசுகிறான் பாருங்கள்" என்றார் இன்னொருவர். "காலாகாலத்தில் கல்யாணம் செய்து வைத்திருந்தால் சரியாகியிருக்கும்" என்றார் மூன்றாமவர். நான் வாயே திறக்கவில்லை. வீட்டுக்கு வந்தால் தூக்கம் இல்லை. எங்கள் அப்பா அடித்தது, அம்மா தம்பியைத் தனியாக எங்கும் விடாதது எல்லாம் வரிசையாக நினைவுக்கு வருகிறது. என் மகளுக்கு 16 வயது. நாவலில் போலப் பேத்தி தலைமுறைக்கும் வந்துவிடுமோ என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

68 வயது அம்மா அந்தப் புத்தகத்தைக் கேட்கிறார்கள். நேற்று தம்பியும் அட்டையைப் பார்த்துவிட்டு, "இது என்னைப் பத்தின கதையாக்கா?" என்று கேட்டான். "சும்மா ஒரு கதைடா" என்று அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன். நான் என்ன செய்ய வேண்டும்?

— ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அலமாரியைத் திறந்துவிடுங்கள். ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

உங்களைத் தூங்கவிடாமல் செய்வது நாவல் என்ற வடிவத்தின் ஒரு குணம். நாவலில் எதுவும் சும்மா வராது. முதல் பாகத்தில் அப்பா பிரம்பை எடுத்தால் அதற்கு மூன்றாம் பாகத்தில் ஒரு விளைவு இருந்தே தீரும். இல்லையென்றால் வாசகருக்கு அந்தப் பிரம்பு எதற்கு என்று கேட்கத் தோன்றும். ஒன்றுக்கொன்று முடிச்சுப் போடுவதுதான் நாவலாசிரியரின் வேலை. 900 பக்கம் அந்த முடிச்சுகளோடு வாழ்ந்தவர் புத்தகத்தை மூடியதும் தன் வீட்டிலும் முடிச்சைத் தேடுவார். கையில் அகப்படுவது பெரும்பாலும் அம்மாவாகத்தான் இருக்கும்.

'தாய்தான் காரணம்' என்பதை உங்கள் நண்பர் கண்டுபிடிக்கவில்லை. அது ஒரு காலத்தில் மருத்துவமே சொன்னது. 1948-இல் ஃப்ரீடா ஃப்ரோம்-ரைஹ்மான் என்ற உளப்பகுப்பாய்வாளர், இந்த நோயை உண்டாக்கும் தாய் என்றே ஒரு வகையைக் குறிப்பிட்டார். பிறகு வந்த ஆய்வுகளில் அதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. மருத்துவம் அதைக் கைவிட்டது. கதைகள் இன்னும் விடவில்லை. நமக்கு இன்று தெரிந்தவரை பல மரபணுக்களின் சிறுசிறு பங்கு, கருவிலும் பிரசவத்திலும் நேரும் சில சிக்கல்கள், இளவயதில் கஞ்சா போன்றவை சேர்ந்துதான் இந்த நோய்க்கான வாய்ப்பைக் கூட்டுகின்றன. சிறுவயதில் அடியும் உதையுமாக வளர்வதும் அந்த வாய்ப்பை ஓரளவு கூட்டும் என்கிறார்கள். ஆனால் அடிவாங்கி வளர்ந்த மிகப் பெரும்பாலோருக்கு இந்த நோய் வருவதில்லை. அடியே படாத வீட்டிலும் வருகிறது. உங்கள் அப்பா அடித்தது தவறு. அது தவறு என்பதற்கு நோய் என்ற சாட்சி தேவையில்லை.

குடும்பம் நோயை உண்டாக்குவதில்லை என்றாலும் நோய் திரும்புவதில் வீட்டுப் பேச்சுக்குப் பங்கு உண்டு. இந்த இரண்டையும் போட்டுக் குழப்புவதால்தான் இவ்வளவு வேதனை. 1950களில் லண்டனில் ஜார்ஜ் பிரவுன் என்ற சமூகவியலாளர் ஒன்றைக் கவனித்தார்: மருத்துவமனையிலிருந்து பெற்றோரிடமோ மனைவியிடமோ திரும்பியவர்களுக்கு, உடன்பிறந்தவர்களோடும் வாடகை அறைகளிலும் தங்கியவர்களைவிட நோய் அதிகம் திரும்பியது. குடும்பத்தாரின் பேச்சைப் பதிவு செய்து எண்ணிப் பார்த்ததில் மூன்று விஷயங்கள் நின்றன: குறை சொல்லுதல், வெறுப்பு, அளவுக்கு மீறிப் பொத்திப் பாதுகாத்தல். 1976-இல் வெளிவந்த ஆய்வில், இவை மிகுந்த வீடுகளில் ஒன்பது மாதத்துக்குள் ஏறத்தாழ பாதிப்பேருக்கு நோய் திரும்பியது. இவை குறைந்த வீடுகளில் எட்டில் ஒருவருக்கு. இவை மிகுந்த வீடுகளில், வாரத்தில் 35 மணி நேரத்துக்கு மேல் முகத்துக்கு முகம் இருப்பதும் ஆபத்தைக் கூட்டியது.

35 மணி என்றால் நாளுக்கு ஐந்து மணி. உங்கள் அம்மாவும் தம்பியும் ஒரே கூரையின்கீழ் இருந்தால் அது மதியத்துக்குள் தீர்ந்துவிடும். ஆகவே இருவருக்கும் தனித்தனிப் பொழுது உண்டாக்குங்கள். காலையில் தம்பி ஒரு மணி நேரம் நடக்கட்டும், தனியாக. மாலையில் அம்மா கோயிலுக்கோ பக்கத்து வீட்டுக்கோ போகட்டும், அவனை அழைத்துக்கொள்ளாமல். 36 வயது ஆளுக்குச் சோறு பிசைந்து கொடுப்பதும், கடைக்குப் போனால் வாசலில் நின்று எட்டிப் பார்ப்பதும் பாசம்தான். ஆனால் 'உன்னால் முடியாது' என்பதை அது நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கும்.

வீடுகளில் குறை சொல்லுதல் எங்கே தொடங்குகிறது தெரியுமா? யாரும் பேசாமலே குரல் கேட்பதையோ சந்தேகப்படுவதையோ வைத்து அல்ல. அதை எல்லாரும் நோய் என்று ஒப்புக்கொள்கிறார்கள். படுக்கையிலேயே கிடப்பது, குளிக்காதது, பேசாமல் இருப்பது, இவைதான் சோம்பேறித்தனமாகத் தெரிகின்றன. இவையும் நோயின் பகுதியே. மாத்திரைக்கு எளிதில் அடங்காத பகுதி. "உன் வயசுப் பசங்க வீடு கட்டிட்டானுங்க" என்பதற்குப் பதிலாக, ஒரு நேரத்தில் ஒரே வேலை, சின்ன வாக்கியம், நேரத்தோடு: "பத்து மணிக்கு ஒரு பால் பாக்கெட் வாங்கிட்டு வர்றியா?" வாங்கி வந்தால் அதைச் சொல்லுங்கள். வராவிட்டால் நாளைக்கு மறுபடி கேளுங்கள்.

இனி காபி. உங்கள் கடிதத்தின் நடுப்புள்ளி அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அம்மாவும் நீங்களும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. நம் ஊரில் நிறையக் குடும்பங்கள் வேறு வழி தெரியாமல் இதைச் செய்கின்றன. ஆனாலும் ஏன் கூடாது என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 'சாப்பாட்டில் எதையோ கலக்கிறார்கள்' என்பது இந்த நோயின் மிகப் பழைய சந்தேகம். நாம் கலந்தால் அந்தச் சந்தேகம் உண்மையாகிவிடுகிறது. டம்ளரின் அடியில் எவ்வளவு தங்கியது என்பது யாருக்கும் தெரியாததால் டாக்டர் பார்க்கும் அளவும் உடம்புக்குள் போன அளவும் ஒன்றாக இருக்காது. எல்லாவற்றையும்விட மோசமானது பக்க விளைவு. கழுத்து திருகிக்கொள்ளலாம், கண் மேலே சொருகலாம், ஓரிடத்தில் உட்கார முடியாமல் கால் பரபரக்கலாம். மாத்திரை சாப்பிடுகிறோம் என்று தெரிந்தவர் டாக்டரிடம் சொல்வார். தெரியாதவர், யாரோ தன் உடம்பை ஆட்டிவைக்கிறார்கள் என்றுதானே நினைப்பார்?

மறுபடி தம்பி மாத்திரையை மறுக்கும் காலம் வந்தால் வழிகள் உண்டு. வாயில் வைத்ததும் கரையும் மாத்திரை, அவருக்குத் தெரிந்தே. இரண்டு வாரத்துக்கோ மாதத்துக்கோ ஒருமுறை போடும் ஊசி. தினமும் 'போட்டியா, போட்டியா' என்று கேட்கும் சண்டை அதோடு நிற்கும். இதைவிட முக்கியம், தெளிவாக இருக்கும் இப்போதே அவரிடம் கேட்டு எழுதி வைப்பது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, நோய் முற்றினால் தனக்கு எந்த சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று அவர் முன்கூட்டியே எழுதி வைக்கலாம். தன் சார்பில் பேச ஒருவரை வெற்றுத்தாளில் எழுதிக் கையெழுத்திட்டு நியமிக்கலாம். அது நீங்களாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை; அவர் யாரை நம்புகிறாரோ அவர். விவரம் மாவட்ட மனநலத் திட்ட மருத்துவரிடம் கேளுங்கள்.

பழையதை அவரிடம் சொல்ல வேண்டுமா? உங்கள் மனப்பாரத்தை இறக்கி வைப்பதற்காக என்றால் வேண்டாம். அவரே நேராகக் கேட்டால் பொய் சொல்லாதீர்கள். "அப்போ நீ மாத்திரை வேண்டாம்னே. எங்களுக்குப் பயமா இருந்துச்சு. காபியில கலந்து குடுத்தோம். உங்கிட்ட சொல்லாம செஞ்சது தப்பு. இனிமே செய்ய மாட்டோம்." இவ்வளவு போதும். கூட ஒரு நியாயம் சேர்த்தாலும் அது வாதமாகிவிடும். அவர் கோபப்படட்டும், அந்தக் கோபம் நோயல்ல. டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தால் நல்லது.

மாத்திரையை நிறுத்திய மாதம் தெளிவாகப் பேசினான் என்று சொன்ன நண்பர் சரியாகத்தான் வாசித்திருக்கிறார். நாவலாசிரியரும் கவனித்துத்தான் எழுதியிருக்கிறார். நிறுத்திய மறுநாளே நோய் திரும்பாது. முதலில் விறைப்பும் தூக்கக் கலக்கமும் விலகும், முகம் தெளியும். வீட்டில் எல்லாரும் 'இத்தனை நாள் மாத்திரைதான் நோயா இருந்திருக்கு' என்பார்கள். பல வாரமோ சில மாதமோ கழித்துத்தான் நோய் வரும், அதற்குள் யாரும் இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதில்லை. முதலில் தூக்கம் குறையும், பிறகு ஒதுங்குவார், பிறகு சின்னச் சின்ன சந்தேகம். தம்பிக்குப் போன முறை எந்த வரிசையில் வந்தது என்று அவரோடு உட்கார்ந்து எழுதி, மாத்திரை டப்பாவுக்குள் வையுங்கள். இரண்டு இரவு தூக்கம் கெட்டால் டாக்டருக்கு ஒரு போன். நடு இரவென்றால் 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம். மாத்திரையால் கெடுதலே இல்லை என்றும் சொல்லமாட்டேன். எடை, இடுப்புச் சுற்றளவு, ரத்தச் சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றை வருடத்துக்கு ஒருமுறையாவது பாருங்கள். ட்ரைஹெக்ஸிபெனிடில் இன்னும் தேவைதானா என்று அடுத்த முறை கேளுங்கள். அது வாயை உலர்த்தும், மலச்சிக்கல் தரும், ஞாபகத்தையும் மந்தமாக்கும். நீங்களாக நிறுத்திவிட வேண்டாம்.

கல்யாணம் இந்த நோய்க்கு மருந்தல்ல. அவர் விரும்பினால், அந்தப் பெண்ணுக்கு நோயின் பெயரும் மாத்திரையின் பெயரும் தெரிந்து சம்மதித்தால் செய்யலாம். மறைத்துச் செய்வது இரண்டு உயிருக்கும் கேடு.

உங்கள் மகளைப் பற்றி: பொதுவாக நூறு பேரில் ஏறக்குறைய ஒருவருக்கு இந்த நோய் வருகிறது. தாய்மாமனுக்கு இருந்தால் நூறில் மூன்று நான்கு. அதாவது 96 பேருக்கு வராது. கஞ்சா மட்டும் அவளுக்கு மற்றவர்களைவிட ஆபத்து. அதைக் காரணத்தோடு வெளிப்படையாகச் சொல்லுங்கள். முகத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பதை விடுங்கள். அவளுக்கு அது புரியும், பயமும் தொற்றும்.

ரயிலேறிப் போனவன் திரும்பவில்லை என்பது அந்த நாவலின் முடிவு, இந்த நோயின் முடிவல்ல. 1980களில் சென்னையில் முதல்முறை நோய் வந்த 90 பேரைத் தொடர்ந்து பார்த்த ஆய்வில், பத்தாண்டு முடிவில் பெரும்பாலோர் குரலோ சந்தேகமோ இல்லாமல் இருந்தார்கள். அவர்களைப் பற்றி 900 பக்கம் எழுதக் கதை கிடைக்காது.

வாசகர் வட்டத்தில் 'எங்கள் வீட்டிலும்' என்று சொல்லும் கடமை உங்களுக்கு இல்லை. அது தம்பியின் விஷயம். அவரைக் கேட்காமல் சொல்லவும் வேண்டாம். ஆனால் தாயைப் பற்றிய அந்தப் பேச்சுக்கு, 1948-இல் இருந்த கருத்து அது, இப்போது இல்லை என்று ஒரு வாசகியாகவே நீங்கள் பதில் சொல்லலாம்.

அம்மாவிடம் புத்தகத்தைக் கொடுக்கும் முன் ரசக் காட்சியை வாயால் சொல்லிவிடுங்கள். "அதுல ஒரு அம்மா நம்ம காபி மாதிரியே செய்றாம்மா. படிச்சுட்டு நான் உங்களைத் தப்பா நினைக்கலை." அதற்குப் பிறகும் படிக்க விரும்பினால் படிக்கட்டும்.

தம்பியிடம் நீங்கள் சொன்ன பதிலும் போட்ட பூட்டும்தான் எனக்குக் கவலை. தன்னைப் பற்றி எதையோ மறைக்கிறார்கள் என்று எண்ணும் நோய் உள்ளவருக்குப் பூட்டிய அலமாரி ஒரு சாட்சியம். இன்றே சொல்லுங்கள்: "நேத்து சும்மா கதைன்னு சொன்னேன்ல, முழுசா சொல்லலை. அதுல ஒருத்தருக்கு உனக்கு வந்த நோய் வருது. எழுதினவருக்கு உன்னைத் தெரியாது. எனக்கு உன் ஞாபகம் வந்துச்சு, அழுதேன்." அவர் படிக்க விரும்பினால், ரசக் காட்சியில் என்ன வருகிறது என்று அவருக்கும் முன்பே சொல்லிவிடுங்கள். அங்கே அவர் காபியைப் பற்றிக் கேட்கக்கூடும். கேட்டால் மேலே சொன்ன அந்த வாக்கியங்களைச் சொல்லுங்கள். 'இதை எழுதினவருக்கு என் விஷயம் யார் சொன்னாங்க' என்று திரும்பத் திரும்பக் கேட்டால் வாதாட வேண்டாம், "உனக்கு எந்த இடத்துல அப்படித் தோணுச்சு?" என்று கேட்டு, இரண்டு மூன்று நாள் அது மாறாவிட்டால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

இந்த நோயில் கவனம் நிலைக்காது; 900 பக்கம் அவரால் தனியாகப் படிக்க முடியாமல் போகலாம். முன்னேரத்தில் பத்துப் பக்கம் நீங்கள் வாசிக்க, அவர் கேட்கட்டும். படுக்கும் நேரத்தில் வேண்டாம். 'போதும்' என்றால் அங்கேயே அடையாளம் வைத்து மூடி, புத்தகத்தை மேசைமேல் வையுங்கள். மறுநாள் அவரே எடுத்து வந்தால் தொடருங்கள். எடுக்காவிட்டால் நினைவூட்ட வேண்டாம்.

அன்புடன்,
ஆலோசகர்