அணியின் வரிசை: கேள்வி பதில்

கே: அணி என்பது எண்களை (உறுப்புகளை)க் கட்டமாக அடுக்கியது. 2×3 அணி, 3×2 அணி இரண்டிலும் ஆறு உறுப்புகள்தானே? அப்புறம் என்ன வித்தியாசம்?

ப: 2×3 என்றால் இரண்டு நிரை, மூன்று நிரல். நிரை படுத்திருக்கும், நிரல் நிற்கும். நிரையை முதலில் சொல்ல வேண்டும். பேச்சில் 'வரிசை' என்றாலே படுத்திருப்பதைத்தான் நினைக்கிறோம். பாடத்தில் அது இந்த இரண்டு எண்களையும் சேர்த்துச் சொல்வது. பாதிக் குழப்பம் அங்கேதான்.

கே: 2×3 அணியை 3×4 அணியால் பெருக்கினால் எனக்கு 3×3 வருகிறது. எங்கே தப்பு?

ப: 2×4 வர வேண்டும். கணக்கைத் தொடங்கும் முன் வரிசைகளை அடுத்தடுத்து எழுதுங்கள்: 2×3, 3×4. நடுவில் உரசும் எண்கள் 3, 3. அவை ஒத்துப்போனால்தான் பெருக்கல் உண்டு. ஓரத்தில் நிற்கும் 2, 4 விடையின் வரிசை. நீங்கள் நடுவில் மறைய வேண்டியதை விடையில் எழுதிவிட்டீர்கள்.

காரணம் இதுதான். முதல் அணியின் ஒரு நிரை 1, 4, 2 என்றும், இரண்டாவதன் ஒரு நிரல் மேலிருந்து கீழாக 3, 0, 5 என்றும் வைத்துக்கொள்ளுங்கள். (1×3)+(4×0)+(2×5)=13. மூன்றுக்கு மூன்று ஜோடி சேர்ந்து ஒரே ஓர் உறுப்பு கிடைத்தது. நிரலில் நான்கு எண் இருந்தால் கடைசி எண் துணையில்லாமல் நிற்கும். இரண்டு நிரையும் நான்கு நிரலும் இப்படிச் சந்தித்தால் எட்டு உறுப்பு.

கே: 18 உறுப்புகள் கொண்ட அணிக்கு எத்தனை வரிசைகள் இருக்கலாம்?

ப: ஆறு. 1×18, 2×9, 3×6, பிறகு இவற்றைத் திருப்பிப் போட்டவை. 18இன் காரணிகளை எண்ணினால் போதும்.

கே: 24 என்றால்?

ப: எட்டு. காரணிகளை எண்ணுங்கள்.

கே: 13?

ப: பகா எண். 1×13, 13×1. அவ்வளவுதான்.

கே: 3×2 உடன் 2×3ஐக் கூட்டச் சொன்னால், ஒன்றை நிரை நிரல் மாற்றிக் கூட்டலாமா?

ப: மாற்றினால் அது வேறு அணி, கேட்ட கணக்கும் வேறாகிவிடும். வரிசைகள் வேறாக இருப்பதால் 'கூட்ட இயலாது' என்று எழுதிவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

கே: 1×1 அணியும் சாதாரண எண்ணும் ஒன்றுதானே? வீணாக ஏன் பிரிக்கிறார்கள்?

ப: 5ஆல் ஒரு 2×3 அணியைப் பெருக்கலாம். [5] என்ற 1×1 அணியால் முடியாது. 1×1, 2×3: நடுவில் 1, 2.

கே: ஆனால் 1×3ஐ 3×1ஆல் பெருக்கி வருவதை எல்லாரும் எண்ணாகத்தானே எழுதுகிறார்கள்?

ப: எழுதுகிறார்கள். அது தனியாக நிற்கும்வரை தொந்தரவில்லை. க 1×3, ச 3×1, ட 2×2 என்று வையுங்கள். க·ச வெறும் எண் என்றால் (க·ச)·ட சரியாகவே போகும். அடைப்பை நகர்த்தி க·(ச·ட) என்று எழுதுங்கள்: 3×1, 2×2. நடுவில் 1, 2, நின்றுபோயிற்று. சேர்ப்புப் பண்பை (அடைப்பை நகர்த்தினாலும் விடை மாறாது என்பதை) நம்பிச் சுருக்குகிறவர்கள் வழுக்கி விழும் இடம் இது.

கே: ட 2×2 ஆக இல்லாமல் 1×4 ஆக இருந்தால்?

ப: நல்ல பிடி! 1×1, 1×4: பெருக்கல் உண்டு, விடையும் எண்ணால் பெருக்கியதேதான். அடைப்பை நகர்த்தினாலும் 3×4 வந்து, கடைசியில் அதே 1×4. பக்கத்து அணிக்கு ஒரே நிரை இருந்தால் சண்டை இல்லை.

கே: பைத்தான் கணினி மொழியில் கணக்குக்கான நம்பை (NumPy) தொகுப்பு, மூன்று எண்களின் அடுக்குக்கு (3,) என்று வடிவம் காட்டுகிறது. அது நிரையா நிரலா?

ப: இரண்டும் இல்லை; ஒற்றைப் பரிமாணம். அதை (3,1) உடன் கூட்டினால் பிழைச்செய்தி வராது, சத்தமில்லாமல் 3×3 வந்து உட்காரும். முதலில் ரீஷேப் (வடிவம் மாற்றும் கட்டளை) செய்து (3,1) ஆக்குங்கள்.

கே: 3×2 அணியின் அணிக்கோவை (உறுப்புகளிலிருந்து கணக்கிடும் ஒற்றை எண்)?

ப: கிடையாது. சதுர அணிக்குத்தான்.

கே: 40 உறுப்புகள் இருந்தால் எத்தனை வரிசை?

ப: 18க்கு எழுதியதைப் படியுங்கள்.