சென்ட்ரல் ஏசி ஸ்டார்ட் ஆகத் திணறினால் கம்ப்ரஸர் போய்விட்டது என்றுதான் அர்த்தமா?

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கிக்கொள்கிறேன். டல்லாஸ் புறநகரில் தனி வீடு. 8 ஆண்டு பழைய 3 டன் சென்ட்ரல் ஏசி. காலையில் ஒழுங்காக ஓடுகிறது. பிற்பகலில் தெர்மோஸ்டாட் குளிர் கேட்டதும் வெளி யூனிட் முனகுகிறது, வீட்டு விளக்குகள் ஒரு கணம் மங்குகின்றன, சில விநாடிகளில் ‘டக்’ என்ற ஓசையுடன் முனகல் அடங்கிவிடுகிறது. மேலே உள்ள விசிறி மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. வந்து பார்த்த மெக்கானிக், கம்ப்ரஸர் போய்விட்டது, முழு யூனிட்டையும் மாற்றுங்கள் என்கிறார். அவர் சொல்வதை நம்பலாமா என்பது கேள்வி.

நான் ஹூஸ்டனில் வசிக்கும் மின் பொறியாளன்; ஏசி மெக்கானிக் அல்லன். ஆனால் என் வீட்டு யூனிட்டையும் நண்பர்கள் சிலருடைய யூனிட்டுகளையும் இதே காரணத்துக்காகத் திறந்து பார்த்திருக்கிறேன். நீங்கள் தந்த விவரங்களை வைத்து அந்தக் கம்ப்ரஸருக்கு மரணச் சான்றிதழ் எழுத முடியாது. காலையில் ஓடுகிற கம்ப்ரஸர் பிற்பகலில் மட்டும் திணறுகிறது என்றால், அது சுழலத் தொடங்குவதற்குத் தேவையான உதவி எங்கோ குறைகிறது என்றுதான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

அமெரிக்க வீடுகளுக்கு வருவது ஒற்றைக் கட்ட (சிங்கிள் ஃபேஸ்) மின்சாரம். அதில் இயங்கும் மோட்டாரால் தானாகச் சுழலத் தொடங்க முடியாது. அதனால் கம்ப்ரஸருக்குள் ஓடுவதற்கு ஒன்றும் கிளப்பிவிடுவதற்கு ஒன்றுமாக இரண்டு கம்பிச் சுற்றுகள் இருக்கின்றன. இரண்டாவது சுற்றுக்குச் செல்லும் மின்னோட்டத்தைக் கட்டம் மாற்றித் தருவது ரன் கெபாஸிட்டர். மோட்டார் அசையாமல் நிற்கும் அந்தக் கணத்தில் அது இழுக்கும் மின்னோட்டம், ஓடும்போது இழுப்பதைப்போல ஏறத்தாழ 5 மடங்கு. உங்கள் யூனிட்டின் பெயர்ப்பலகையில் ஆர்.எல்.ஏ. (ஓடும்போது இழுக்கும் ஆம்ப்), எல்.ஆர்.ஏ. (அசையாமல் நிற்கும்போது இழுக்கும் ஆம்ப்) என்று இரண்டு எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். 3 டன் யூனிட்டில் முதலாவது 15 ஆம்பை ஒட்டியும் இரண்டாவது 80 ஆம்பை ஒட்டியும் இருப்பது வழக்கம். நல்ல நிலையில் உள்ள கம்ப்ரஸர் ஒரு விநாடிக்கும் குறைவான நேரத்தில் இந்தக் கட்டத்தைத் தாண்டிவிடும். தாண்ட முடியாதபோது உள்ளே சூடு ஏறி, அதற்குள்ளேயே பொருத்தப்பட்டிருக்கும் ஓவர்லோட் என்னும் காப்புச் சுவிட்ச் மின்சுற்றைத் துண்டிக்கிறது. நீங்கள் கேட்கும் ‘டக்’ ஓசை பெரும்பாலும் அதுதான்.

பிற்பகலில் மட்டும் ஏன் என்பதற்கும் காரணம் உண்டு. வெயில் ஏற ஏற, வெளி யூனிட்டில் வெப்பத்தை வெளியேற்றும் சுருளான கண்டென்ஸரில் உள்ள அழுத்தம் உயர்கிறது. ஊர் முழுவதும் ஏசி ஓடுவதால் மின்னழுத்தமும் சற்றே இறங்கியிருக்கும். சுமை கூடி, அதைத் தூக்கும் வலு குறையும் நேரம் அது. பாதி செத்த கெபாஸிட்டர் காலையில் சமாளித்துவிடும், மாலை 4 மணிக்குக் காட்டிக்கொடுக்கும்.

எதையும் திறப்பதற்கு முன் ஒன்றை உறுதியாகச் சொல்ல வேண்டும். தெர்மோஸ்டாட்டை அணைப்பது போதாது. பல வெளி யூனிட்டுகளில் இருக்கும் கான்டாக்டர் (தெர்மோஸ்டாட் சொல்லும்போது மின்சாரத்தை இணைக்கும் சுவிட்ச்) இரண்டு லைன்களில் ஒன்றை மட்டுமே துண்டிக்கும் வகை. யூனிட் ஓடாதபோதும் மற்ற லைன் உள்ளே உயிரோடு இருக்கும். ஆகவே யூனிட்டுக்கு அருகே சுவரில் உள்ள டிஸ்கனெக்ட் என்னும் துண்டிப்புச் செருகியை உருவி, பேனலில் பிரேக்கரையும் அணைத்து, மல்டிமீட்டரால் மின்சாரம் இல்லை என்று பார்த்த பிறகே கையை உள்ளே நீட்டுங்கள். அப்போதும் கெபாஸிட்டர் மின்னூட்டத்தைப் பிடித்துவைத்திருக்கலாம். 20,000 ஓம் அளவிலான, 5 வாட் தாங்கும் ரெசிஸ்டர் ஒன்றின் இரு முனைகளைக் காப்பிட்ட இடுக்கியால் பிடித்து அதன் முனையங்களுக்கிடையே சில விநாடிகள் வைத்தால் மின்னூட்டம் வடிந்துவிடும். இதைப் படிக்கும்போதே தயக்கம் எழுந்தால் தொடாதீர்கள். கீழே உள்ளவற்றை மெக்கானிக்கிடம் கேட்பதற்கான கேள்விகளாக வைத்துக்கொள்ளுங்கள்.

கெபாஸிட்டர் நீள்வட்ட அல்லது வட்ட வடிவ உலோகக் குடுவையாக இருக்கும். மேலே சி (பொது), ஹெர்ம் (கம்ப்ரஸர்), ஃபேன் (விசிறி) என்று மூன்று முனையங்கள். ஒரே குடுவைக்குள் இரண்டு கெபாஸிட்டர்கள் இருப்பதால் உடலில் 45+5 மைக்ரோஃபாரட் (கெபாஸிட்டரின் திறனை அளக்கும் அலகு) என்பதுபோல அச்சிட்டிருப்பார்கள். பெரிய எண் கம்ப்ரஸருக்கு, சிறிய எண் விசிறிக்கு. உங்கள் வீட்டில் விசிறி சுற்றுகிறது, கம்ப்ரஸர் மட்டும் முனகுகிறது. கான்டாக்டர் மூடுகிறது, ஃபேன் பக்கம் உயிரோடு இருக்கிறது, ஹெர்ம் பக்கம்தான் ஐயத்துக்குரியது என்று இதிலிருந்து தெரிகிறது. மேல்மூடி உப்பியிருந்தால் அளக்கவே வேண்டாம், மாற்றிவிடலாம். உப்பாமல் இருந்தால் நல்லது என்று மட்டும் முடிவுகட்டாதீர்கள். தட்டையான மூடியோடு பாதி திறனை இழந்தவற்றைப் பலமுறை பார்த்திருக்கிறேன். வயர்களைப் படமெடுத்துக்கொண்டு கழற்றி, மீட்டரில் அளந்து பாருங்கள். பெரும்பாலானவற்றில் அனுமதிக்கப்பட்ட வேறுபாடு 6 சதவீதம் வரை என்று உடலிலேயே இருக்கும்; 45 என்றால் 42.3க்குக் கீழே போனது ஓய்வுபெற வேண்டியது.

இன்னும் நம்பகமான வழி, காலையில் யூனிட் ஓடிக்கொண்டிருக்கும்போதே அளப்பது. இது உயிருள்ள மின்சுற்றில் செய்யும் வேலை என்பதால் பழக்கமுள்ளவர்களுக்கு மட்டும். ஹெர்ம் முனையத்துக்குச் செல்லும் வயரில் கிளாம்ப் மீட்டரை மாட்டி ஆம்பை எடுங்கள். ஹெர்முக்கும் சி-க்கும் இடையே வோல்ட்டை எடுங்கள். ஆம்பை 2652ஆல் பெருக்கி வோல்ட்டால் வகுத்தால் மைக்ரோஃபாரட் கிடைக்கும். 5.3 ஆம்ப், 350 வோல்ட் என்றால் ஏறத்தாழ 40. 45 இருக்க வேண்டிய இடத்தில் அது குறைவு. இந்த 2652 அமெரிக்காவின் 60 ஹெர்ட்ஸுக்கான எண்; இந்தியாவில் 50 ஹெர்ட்ஸ் என்பதால் 3183 என்று கொள்ள வேண்டும். மாற்றும்போது மைக்ரோஃபாரட் அளவு அப்படியே இருக்க வேண்டும். வோல்ட் அளவு மட்டும் 370க்குப் பதில் 440 ஆக இருக்கலாம், தலைகீழாகக் கூடாது.

கெபாஸிட்டர் சரியாக இருந்தால் கான்டாக்டரைப் பாருங்கள். அதன் தொடுமுனைகள் கருகிக் குழி விழுந்திருந்தால் கம்ப்ரஸருக்குப் போக வேண்டிய மின்னழுத்தம் அங்கேயே வீணாகும். டெக்ஸாஸில் இதற்கு எறும்புகளின் கைங்கரியமும் உண்டு. இங்குள்ள நெருப்பெறும்புகளும் கிறுக்கெறும்புகளும் மின்பெட்டிகளுக்குள் குடியேறி, தொடுமுனைகளுக்கிடையே நசுங்கிக் குவிந்துவிடும். ஹூஸ்டனை அடுத்த கேட்டி என்ற ஊரில் ஒரு நண்பர் வீட்டில் கான்டாக்டருக்குள் ஒரு கரண்டி எறும்புச் சடலம் அள்ளினோம். அவற்றைத் துடைத்து ஓட்டுவதைவிட, விலை குறைவான பாகம் என்பதால், புதிதாக ஒன்றை மாட்டிவிடுவதே மேல்.

அடுத்தது மின்னழுத்தம். யூனிட் கிளம்ப முயலும் அந்த விநாடியில் கான்டாக்டரின் இரு பக்கத்திலும் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். பெயர்ப்பலகையில் குறைந்தபட்சம் 197 வோல்ட் என்று குறிப்பிட்டிருப்பது வழக்கம். பேனலில் 235 இருந்து வெளி யூனிட்டில் மட்டும் வெகுவாகச் சரிந்தால் இடையில் ஏதோ ஓர் இணைப்பு தளர்ந்திருக்கிறது: பிரேக்கர், டிஸ்கனெக்ட், அலுமினிய வயரை இறுக்கியிருக்கும் திருகு. விளக்குகள் மங்குவதையும் சற்று உற்றுக் கவனியுங்கள். எல்லா விளக்குகளும் சேர்ந்து மங்கினால் அது கம்ப்ரஸர் இழுக்கும் இழுப்பு. ஓர் அறையில் மங்கி, வேறோர் அறையில் வழக்கத்தைவிடப் பிரகாசித்தால் அது ஏசி பிரச்சினையே அன்று. வீட்டுக்கு வரும் நியூட்ரல் (இரண்டு லைன்களுக்கும் பொதுவான திரும்பு வயர்) தளர்ந்திருக்கிறது. அது தொலைக்காட்சி முதல் ஃப்ரிட்ஜ் வரை அனைத்தையும் எரித்துவிடக்கூடியது. அன்றே மின்விநியோக நிறுவனத்தை அழைத்துவிட வேண்டும்.

நின்ற உடனே மீண்டும் கிளம்ப முயல்கிறதா என்பதையும் பாருங்கள். நின்ற பிறகு உயர் அழுத்தப் பக்கமும் தாழ் அழுத்தப் பக்கமும் சமனாகச் சில நிமிடங்கள் ஆகும். அதற்குமுன் கிளப்பினால் நல்ல கம்ப்ரஸரும் திணறலாம். பல தெர்மோஸ்டாட்டுகள் இதற்காகவே 5 நிமிடம் காத்திருக்கின்றன. கண்டென்ஸர் சுருளில் புல்லும் தூசியும் அடைத்திருந்தாலும் அழுத்தம் ஏறும். தோட்டக் குழாயால் மெதுவாகக் கழுவினால் போதும், பிரஷர் வாஷர் வேண்டாம்.

இந்தக் கட்டத்தில் பலரும் ஹார்ட் ஸ்டார்ட் கிட் போடச் சொல்வார்கள். அது கூடுதல் ஸ்டார்ட் கெபாஸிட்டரும், மோட்டார் வேகம் பிடித்ததும் அதை மின்சுற்றிலிருந்து விலக்கும் ரிலேயும் சேர்ந்தது. குளிர்பதனத் திரவத்தைக் கட்டுப்படுத்தும் விரிவு வால்வு நிறுத்தத்தின்போது முழுமையாக மூடிக்கொள்ளும் அமைப்புகளில் அதற்கு உண்மையான தேவை உண்டு. மற்றபடி, காரணம் தெரியாமல் முதல் வேலையாக அதை மாட்டுவதை நான் ஏற்பதில்லை. செத்த ரன் கெபாஸிட்டரையும் கருகிய கான்டாக்டரையும் அது சில மாதங்களுக்கு மறைத்துவைக்கும். அதற்குள் கம்ப்ரஸர் நிஜமாகவே சூடேறிக் கெட்டுப்போகும். எல்லாம் சரியாக இருந்தும் திணறினால், தயாரிப்பாளர் அந்த மாடலுக்குப் பரிந்துரைக்கும் கிட்டை, ரிலே உள்ள வகையாகப் பார்த்துப் போடுங்கள்.

இனி உங்கள் மெக்கானிக்கின் தீர்ப்பு. கம்ப்ரஸரில் சி (பொது), எஸ் (கிளப்பும் சுற்று), ஆர் (ஓடும் சுற்று) என்று மூன்று முனைகள் உண்டு. மின்சாரத்தை அணைத்து ஓம் அளந்தால், ஆருக்கும் எஸ்ஸுக்கும் இடையில் வருவது மற்ற இரண்டின் கூட்டுத்தொகையாக இருக்க வேண்டும். ஆர்–எஸ் அளவு வந்து, சி-யிலிருந்து இரண்டுக்கும் எதுவும் வராவிட்டால் உள்ளிருக்கும் ஓவர்லோட் திறந்திருக்கிறது என்பதே பொருள். சூடான கம்ப்ரஸரில் அது மீண்டும் மூடச் சில மணி நேரம்கூட ஆகலாம். பிற்பகலில் அவசரமாக வந்து, கையை வைக்க முடியாத சூட்டில் அளந்து, சுற்று அறுந்துவிட்டது என்று நல்ல கம்ப்ரஸரை ஒதுக்கிவிடுவது இங்கேதான் நடக்கிறது. மறுநாள் காலை ஆறிய பிறகு அளந்தாலும் அப்படியே இருந்தால், அல்லது ஏதாவது ஒரு முனைக்கும் செப்புக் குழாய்க்கும் இடையே தொடர்பு காட்டினால், அப்போது அவர் சொன்னது சரி. உங்களுடையது காலையில் ஓடுகிறது என்பதால் சுற்று அறுந்திருக்க வழியில்லை.

ஒருவேளை உள்ளே இயந்திரப் பகுதி தேய்ந்து இறுகியிருப்பதாகவே தெரிந்தாலும், முழு யூனிட்டுக்கு ஒப்புக்கொள்வதற்கு முன் உத்தரவாதத்தைப் பாருங்கள். வாங்கியதும் பதிவு செய்த யூனிட்டின் கம்ப்ரஸருக்குப் பல தயாரிப்பாளர்கள் 10 ஆண்டு உதிரிபாக உத்தரவாதம் தருகிறார்கள்; கூலியும் குளிர்பதன வாயுவும் நம் செலவு. 2025 ஜனவரி 1 முதல் அமெரிக்காவில் வீட்டு ஏசிக்கான புதிய அமைப்புகள் ஆர்-410ஏ என்ற குளிர்பதன வாயுவை விட்டு ஆர்-454பி, ஆர்-32 போன்றவற்றுக்கு மாறியிருக்கின்றன. இவற்றுக்கான வெளி யூனிட்டை வீட்டுக்குள் இருக்கும் உங்கள் பழைய உட்சுருளோடு இணைக்க முடியாது. இரண்டையும் மாற்ற வேண்டியிருக்கும் என்பதால் செலவு கூடும். வாயு சம்பந்தப்பட்ட எந்த வேலையையும் மத்தியச் சுற்றுச்சூழல் முகமையின் 608 பிரிவுச் சான்றிதழ் உள்ளவர்தான் சட்டப்படி செய்யலாம். அதில் நீங்களாக இறங்க வேண்டாம்.

அந்த மெக்கானிக்கை மீண்டும் அழைப்பதானால் ஹெர்ம் பக்கத்தின் மைக்ரோஃபாரட், ஸ்டார்ட் கணத்தில் கான்டாக்டரில் இருந்த வோல்ட், ஆறிய நிலையில் மூன்று முனைகளின் ஓம் ஆகியவற்றை எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மறுத்தால் வேறு ஒருவரை அழையுங்கள். அதுவரை பிற்பகலில் ஏசியை அணைத்து வையுங்கள். ஒவ்வொரு முனகலும் அந்தச் சுற்றின் காப்பை இன்னும் கொஞ்சம் சுட்டுக்கொண்டிருக்கிறது.