அவர் ஏன் கூடப் பாடவில்லை?

அன்புள்ள ஐயா,

பள்ளியில் நான்கு ஆண்டுகள் சேர்ந்திசைக் குழுவில் ஆல்ட்டோ (பெண்களின் தாழ்ந்த குரல்) பாடினேன். எங்களை நடத்திய டீச்சர் குரலை உயர்த்திப் பேசியதே இல்லை. அவர் கை எழும்போது எங்களுக்குத் தானாக மூச்சு உள்ளே போகும். நாங்கள் பாடும்போது வரிசைகளுக்கு நடுவே நடந்து வருவார்; கூடப் பாடமாட்டார். அந்த நாட்களின் ஓசை இன்னும் காதில் இருக்கிறது. இப்போது 24 பேர் கொண்ட ஒரு குழு என் பொறுப்பில். பாட்டு முடிவதற்குள் சுருதி இறங்கிவிடுகிறது. நீண்ட வரிகள் நடுவில் அறுந்துபோகின்றன. சொற்களும் தெளிவில்லை. அவர் செய்த மாயம் என்ன?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

அவரைப் பற்றி நீங்கள் எழுதியிருக்கும் எல்லாமே பழகிப் பெறக்கூடியவை. அதனால் அவர் பெருமை குறையாது, கூடத்தான் செய்யும்.

முதலில் அந்தக் கை. பாட்டு தொடங்குவதற்கு ஓர் அடி முன்பே கை எழ வேண்டும், அதே கணத்தில் நடத்துபவரும் வாய் திறந்து மூச்சை இழுக்க வேண்டும். வேகம், ஓசையின் அளவு, பாட்டின் குணம் மூன்றையும் குழு அந்த ஒரே அசைவிலிருந்து எடுத்துக்கொள்கிறது. மென்மையாகத் தொடங்கும் பாட்டுக்குக் கையை அகல வீசினால் குழு உரக்கத்தான் தொடங்கும். உங்கள் தோள் உயர்ந்தால் அவர்கள் தோளும் உயரும், கழுத்து இறுகும், முதல் சுரமே முரடாக விழும். "ஒன்று, இரண்டு, மூன்று" என்று வாய்விட்டு எண்ணித் தொடங்குவது பலருடைய வழக்கம். எண்ணிக்கை வேகத்தைச் சொல்லும், மூச்சைத் தராது. கண்ணாடி முன் நின்று இந்த ஓர் அசைவை மட்டும் பழகுங்கள்.

அவர் கூடப் பாடாததைத்தான் நான் எல்லாவற்றிலும் பெரிதாக நினைக்கிறேன். நடத்துபவர் பாடினால் அவர் காதை அவர் குரலே அடைத்துவிடும். குழுவும் அவர் குரலில் சாய்ந்துகொள்ளும். மேடையில் அந்தத் தாங்கல் இருக்காது. வரிசைக்குள் நடந்தால்தான் ஆல்ட்டோவில் யார் சொப்ரானோவின் (பெண்களின் உயர்ந்த குரல்) மெட்டுக்கு நழுவுகிறார், யார் பக்கத்தில் இருப்பவரை மூடிப் பாடுகிறார் என்பதெல்லாம் தெரியும்.

இனி சுருதி. அது பாட்டு முழுக்கச் சீராக இறங்குவதில்லை, சில இடங்களில் வழுக்குகிறது. ஒரே சுரம் ஐந்தாறு முறை அடுத்தடுத்து வரும் இடம் அதில் ஒன்று. கீழிறங்கும் வரி இன்னொன்று: இறங்கும் படியை அளவுக்கு மேல் எடுப்பதும் ஏறும் படியை முழுதாக எட்டாமல் விடுவதும் பயிலாத குரலின் இயல்பு. கீபோர்டு இல்லாமல் பாடவிட்டு, ஒவ்வொரு வரியின் முடிவிலும் ஒரே ஒரு சுரத்தைத் தட்டிப் பாருங்கள். வழுக்கும் வரி அகப்பட்டுவிடும். அதை மட்டும் எடுத்து, சொல்லை விட்டுவிட்டு, "நூ" என்ற ஒலியில் பாதி வேகத்தில் பாடவையுங்கள். திரும்ப வரும் சுரத்தை ஒவ்வொரு முறையும் சற்று மேலே வைப்பதாக நினைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அப்படியும் இறங்கினால் பாட்டையே அரைச் சுரம் ஏற்றிப் பாருங்கள். மார்பில் அதிரும் தாழ்ந்த குரலிலிருந்து தலையில் அதிரும் உயர்ந்த குரலுக்கு மாறும் எல்லையிலேயே ஒரு முக்கியமான சுரம் திரும்பத் திரும்ப வந்தால் குரல் தளரும். அரைச் சுரம் ஏற்றினால் அந்த எல்லை வேறு சுரத்துக்குப் போய்விடும். காற்றோட்டமில்லாத அறையும் களைப்பும்கூடச் சுருதியை இறக்கும். ஒத்திகையின் கடைசிப் பத்து நிமிடத்தை வைத்துக் குழுவை எடைபோடாதீர்கள்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. கீபோர்டின் அந்தர காந்தாரம் (ச-வுக்கு நான்கு அரைச் சுரம் மேலுள்ள க) இயற்கையான காந்தாரத்தைவிட ஏறக்குறைய 14 செண்ட் கூடுதல் (அரைச் சுரம் என்பது 100 செண்ட்). வாத்தியமின்றிப் பாடும்போது காந்தாரம் பாடும் குரல் அந்த இழை அளவு தணிந்தால்தான் ச-க-ப சேர்ந்து ஒலிக்கும். அதைச் சுருதி இறக்கம் என்று திருத்திவிடாதீர்கள். எப்போதும் கீபோர்டோடு பாடும் குழுவுக்கு இந்த ஒலி பிடிபடாது. 440 ஹெர்ட்ஸ் இசைக்கவை (தட்டினால் ஒரே சுரம் தரும் உலோகக் கவை) ஒன்றை வைத்துக்கொண்டு தொடக்கச் சுரத்தை அதிலிருந்து எடுத்துக் கொடுக்கப் பழகுங்கள்.

நீண்ட வரி அறுவதற்குக் காரணம், எல்லோரும் ஒரே இடத்தில் மூச்சு வாங்குவது. பக்கத்தில் இருப்பவர் வாங்கும் இடத்தில் பாடுபவர் வாங்கக் கூடாது. இரு சொற்களுக்கு நடுவிலும் வாங்கக் கூடாது. நெடிலின் நடுவே ஓசையைத் தணித்து விலகி, நிதானமாக மூச்சு வாங்கி, அதே நெடிலில் மெல்ல வந்து சேர வேண்டும். அவசரமாக உரத்து நுழைந்தால் தையல் தெரிந்துவிடும்.

சொல் தெளிவு உயிரொலியிலும் ஒற்றிலும் இருக்கிறது. "வான்" நான்கு அடி நீண்டால் நான்கும் ஆகாரத்துக்கே. னகர ஒற்று உங்கள் கை மூடும் கணத்தில், எல்லோருக்கும் ஒன்றாக. முன்னதாகவே னகரத்துக்குப் போய்விட்டால் ஓசை மூக்கில் சிக்கும். "பூக்கள்" போன்ற சொல்லில் ககர ஒற்று ஓசையை நிறுத்திவிடும். 24 பேர் 24 கணத்தில் நிறுத்தினால் கூழாங்கல் கொட்டியதுபோல் இருக்கும். சுரமில்லாமல் தாளத்தோடு சொற்களை மட்டும் சொல்லவைப்பதே இதற்கு மருந்து. எகரத்தில் வாயின் அகலம் ஆளுக்கு ஆள் மாறுவதையும் கவனியுங்கள். சுருதிக் குறை என்று தோன்றுவதில் பாதி அதுதான்.

நீங்கள் ஆல்ட்டோ என்பதால் உங்கள் காது நடுக்குரல்களைத் தேடிப் போகும். அடுத்த ஒத்திகையில் சொப்ரானோவையும் பாஸையும் (ஆண்களின் தாழ்ந்த குரல்) மட்டும் சேர்த்துப் பாடவையுங்கள். அந்த இரண்டும் இசைந்த பிறகு டெனரை (ஆண்களின் உயர்ந்த குரல்) சேருங்கள், ஆல்ட்டோவைக் கடைசியில்.