சூரியகாந்தி எண்ணெய் பூசிய பலகையில் பிசுபிசுப்பும் சிக்கு வாடையும்

வணக்கம். நீங்கள் கையால் செய்த காய் நறுக்கும் பலகைக்குச் சூரியகாந்தி எண்ணெய் பூசியதாகவும், சில வாரங்களிலேயே அது பிசுபிசுத்துச் சிக்கு வாடை வீசுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். பலகை கெட்டுவிடவில்லை, தயவுசெய்து தூக்கி எறிந்துவிடாதீர்கள். அந்த எண்ணெய் காற்றுப் பட்டு மெல்ல மாறும், ஆனால் ஆளிவிதை எண்ணெயைப் போல முழுமையாக இறுகாது. அந்த அரைகுறை நிலைதான் உங்கள் விரலில் ஒட்டுகிறது.

பாத்திரம் கழுவும் சோப்பும் வெந்நீரும் கொண்டு இருபுறமும் தேய்த்துக் கழுவி, காற்றோட்டமான இடத்தில் செங்குத்தாக நிறுத்தி, நன்றாக உலர விடுங்கள். பிறகு 120 எண் உப்புத்தாளால், மரத்தூள் தாளில் அப்பிக்கொள்ளாமல் உதிரும் வரை தேய்த்து, அதைவிட நைசான 220 எண் தாளால் முடியுங்கள். ஈரத்துணியால் ஒருமுறை துடைத்தால் படிந்து கிடந்த நார்கள் சிலிர்த்து எழும். உலர்ந்தபின் அவற்றை லேசாகத் தேய்த்துவிட்டால், பின்னாளில் கழுவும்போது பலகை அவ்வளவாகச் சொரசொரக்காது. பலரும் தவிர்க்கும் இந்த வேலையை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன்.

பூச்சுக்கு உணவுத்தர மினரல் எண்ணெயும் (பெட்ரோலியத்திலிருந்து சுத்திகரித்தெடுக்கும், சிக்கு வாடை வராத எண்ணெய்) தேன்மெழுகும் போதும். எடையில் 4 பங்கு எண்ணெய்க்கு 1 பங்கு மெழுகு எடுத்துக்கொள்ளுங்கள். தேன்மெழுகு ஏறத்தாழ 62 முதல் 64 டிகிரி செல்சியஸில் உருகிவிடுவதால், நேரடித் தீயில் வைக்காமல் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்தே உருக்கலாம். முதலில் வெறும் எண்ணெயை, மரம் குடிப்பது நிற்கும் வரை பூசுங்கள். பலகையின் இரு முனைகளும் மிகுதியாகக் குடிக்கும். மறுநாள் மெழுகுக் கலவையைத் தேய்த்து மெருகேற்றுங்கள். வார்னிஷ் வேண்டாம், கத்தி பட்ட இடத்தில் அது செதிலாகப் பெயர்ந்து உணவில் கலந்துவிடும். தண்ணீர் முத்து முத்தாக நிற்காமல் மரத்துக்குள் இறங்கத் தொடங்கும்போது மீண்டும் எண்ணெய் பூசுங்கள்.