அரைக் கட்டை இறக்கு

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

வணக்கம். எனக்கு ஊர் வீரவநல்லூர் பக்கம். இப்போது கோயம்புத்தூரில் வேலை. கோயில் கொடை விழா, கச்சேரி என்று நீங்கள் எழுதும்போதெல்லாம் எனக்கு ஒருவர் ஞாபகம் வருவார். 2003 அல்லது 2004 இருக்கும். எங்கள் ஊர் அம்மன் கொடைக்கு உங்கள் மெல்லிசைக் குழு வந்திருந்தது. மைக்கில் அறிவிப்பு நீங்கள்தான். கீபோர்டு வாசித்தவர் பாட்டுக்கு நடுவில் இரண்டு கையையும் எடுத்துவிட்டுப் புல்லாங்குழல் வாசித்தார். ஆனால் கீபோர்டு சத்தம் நிற்கவில்லை. வேறு யாரோ ஒளிந்திருந்து வாசிக்கிறார்கள் என்று நினைத்து நான் மேடைக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். ஒருவரும் இல்லை.

போன மாதம் ஊருக்குப் போனபோது விசாரித்தேன். அவர் தவறிப் பல வருடம் ஆகிவிட்டது, குடிதான் காரணம் என்றார்கள். நாகசுரம் காருகுறிச்சி அருணாசலமும் நாற்பத்துச் சொச்சத்தில்தானே போனார். நம் மண்ணில் ஊதுகிறவர்களுக்கு ஆயுசு கிடையாதா? இவர் சென்னைக்குப் போயிருந்தால் எங்கேயோ போயிருப்பார் இல்லையா? ஒரே ஆளுக்கு இரண்டு திறமை என்பது எவ்வளவு பெரிய விஷயம். அவரைப் பற்றி நீங்கள் ஏன் ஒரு வரிகூட எழுதியதில்லை?

அன்புடன்,
வீரவநல்லூர்க்காரன்

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. கடைசிக் கேள்வியைப் பார்த்துத்தான் மற்றவற்றுக்கும் பதில் எழுதாமல் தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தேன்.

முதலில் குடி. அவன் குடிக்க மாட்டான். கச்சேரிக்காரன் சின்ன வயதில் செத்தால் குடி என்று முடித்துவிடுவது நம் ஊர் வழக்கம், விசாரிக்கிற வேலை மிச்சம் பாருங்கள். அவனுக்கு இருந்தது சர்க்கரை. 2007-இல் போனான், 37 வயது. பெயர் வேண்டாம் என்று வீட்டில் சொல்லியிருக்கிறார்கள். குழுவிலும் யாரும் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'குழலு' என்றுதான் கூப்பிடுவோம். குழலை விட்டுக் கீபோர்டுக்கு வந்த பிறகும் அதே பெயர்தான்.

இரண்டாவது, நீங்கள் மேடைக்குப் பின்னால் போய்த் தேடிய ஆள். அது அவன் வலது கால். கீபோர்டில் 'சஸ்டெயின் பெடல்' என்று ஒன்று உண்டு, ஒரு வயரில் தொங்கிக்கொண்டு கீழே கிடக்கும். வயலின் கூட்டம் மாதிரி ஒலிக்கிற ஸ்ட்ரிங்ஸ் டோனை வைத்து ஒரு கார்டைப் பிடித்து, அதாவது மூன்று நாலு ஸ்வரத்தைச் சேர்த்து அழுத்தி, பெடலை மிதித்துவிட்டால் போதும். காலை எடுக்கிறவரை சத்தம் நிற்காது. கை இரண்டும் சும்மாதானே இருக்கிறது, மடியில் கிடக்கிற குழலை எடுத்துக்கொள்வான். ஆனால் கார்டை மாற்ற முடியாது. ஒரே கார்டில் நாலு பார், எட்டு பார் (தாளச் சுற்று) ஓடுகிற இடம் எந்தப் பாட்டில் எங்கே வருகிறது என்று அவனுக்கு மனப்பாடம். அப்படி இடம் இல்லாத பாட்டில் ஸட்ஜமத்தையும் பஞ்சமத்தையும் மட்டும் மிதித்து வைத்துச் சுருதிப்பெட்டி ஆக்கிவிடுவான்.

இந்த வித்தை ஏன் தேவைப்பட்டது என்பதுதான் நான் சொல்ல வேண்டியது. நீங்கள் 'இரண்டு திறமை' என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

அவன் அப்பா நையாண்டி மேளத்தில் நாகசுரம். கொடைக்குக் கொடை போய்வந்த வீடு. பையனுக்கு நாகசுரத்தைப் பிடிக்க மூச்சு பத்தவில்லை என்று குழலைக் கொடுத்திருக்கிறார். 1989-இல் எங்கள் குழுவுக்கு வரும்போது அவனுக்கு 19 வயது. தோளில் ஒரு துணிப்பை, அதற்குள் பதினோரு குழல். எதற்கு இத்தனை என்று கேட்டேன். "அண்ணாச்சி, பாடுறவங்க அரைக் கட்டை இறக்குன்னு சொன்னா நான் என்ன செய்ய?" என்றான்.

உங்களுக்குத் தெரியுமோ தெரியாதோ, மெல்லிசை மேடையில் அடிக்கடி காதில் விழுகிற வாக்கியம் அதுதான். கட்டை என்பது சுருதியின் அளவு. படத்தில் பாடியவரின் சுருதிக்கு உள்ளூர்ப் பாடகரின் தொண்டை எட்டாது. பாட்டு ஆரம்பிக்க ஒரு நிமிஷம் இருக்கும்போது திரும்பிப் பார்த்து, "அரைக் கட்டை இறக்கு" என்பார். கீபோர்டுகாரருக்கு இது ஒரு வேலையே இல்லை, ட்ரான்ஸ்போஸ் பட்டனை ஒரு தட்டு தட்டினால் முடிந்தது. குழல்காரனுக்குப் பட்டன் ஏது? மூங்கிலில் துளை போட்டது போட்டதுதான். ஒவ்வொரு கட்டைக்கும் அரைக் கட்டைக்கும் தனிக் குழல் வேண்டும். இருட்டில் பையைத் துழாவி எடுப்பான், ஒருநாளும் தப்பானதை எடுத்ததில்லை. கையில் பட்ட கனத்தை வைத்தே கண்டுபிடிப்பான்.

இன்னொன்றும் உண்டு. டிசம்பரில் நாசரேத், திசையன்விளைப் பக்கம் கிறிஸ்துமஸ் கச்சேரிகள் வரும். ராத்திரி பன்னிரண்டுக்கு மேல் பனி இறங்கினால் குழலின் சுருதியும் கூடவே இறங்கும், உள்ளே இருக்கிற காற்று குளிர்ந்துவிடுவதால். கீபோர்டு அசையாது. இரண்டும் ஒட்டாமல் பல் கூசுகிற மாதிரி இருக்கும். அதனால் அடுத்த பாட்டுக்கு வேண்டிய குழலை அவன் கக்கத்தில் இடுக்கியபடி உட்கார்ந்திருப்பான், காய்ச்சல்காரன் தெர்மாமீட்டரை வைத்துக்கொண்டிருக்கிற மாதிரி. சூடாக எடுத்து உதட்டில் வைத்தால் சுருதி சேர்ந்து நிற்கும்.

நெல்லையப்பர் கோயிலுக்குத் தல விருட்சம் மூங்கில். ஊருக்கே பழைய பெயர் வேணுவனம், சாமிக்கு வேணுவனநாதர் என்று ஒரு பெயர். இதை வைத்து அவன் ஒரு பேச்சுப் பேசுவான். "நம்மூரு சாமியே மூங்கிக் காட்டுக்குள்ளருந்து வந்தவருதான். மூங்கிய ஊதுறவனுக்கு மட்டும் பேட்டா அம்பது ரூவா!" வேனில் எல்லாரும் சிரிப்போம். கணக்குப் பார்க்கிறவன் நான்தான், ஆகவே நான் கொஞ்சம் கம்மியாகச் சிரிப்பேன்.

1996 வாக்கில் பேட்டாவுக்கும் வழியில்லாமல் போனது. எங்கள் கீபோர்டுகாரர் புதுப் பெட்டி வாங்கினார், அதில் குழல் டோன் இருந்தது. நல்ல டோன் என்று சொல்ல மாட்டேன், ஆனால் ஹாரன் ஸ்பீக்கர் வழியாகக் கேட்கிற ஆயிரம் பேருக்கு அது போதும். ஒரு ஊரில் விழாக் கமிட்டிக்காரர் கேட்டார், "பெட்டியிலயே குழல் வருதே, பெறவு எதுக்குவே தனி ஆளு?" அவர் கேட்டதில் தப்பில்லை. நியாயம்தான் என்று நான் நினைத்தேன் பாருங்கள், தப்பு அதுதான். ஒரு ஆள் குறைந்தால் வேனில் இடம், சாப்பாடு, பேட்டா எல்லாம் மிச்சம். குழுவில் முடிவெடுத்தோம், அவனிடம் போய்ச் சொல்லுகிற வேலை எனக்கு. ஜங்ஷனில் ஒரு டீக்கடையில் வைத்துச் சொன்னேன். "சரி அண்ணாச்சி" என்றான். டீக்குக் காசும் அவனே கொடுத்தான்.

எட்டு மாதம் ஆளைக் காணோம். பாளையங்கோட்டையில் ஒரு சர்ச் பாடகர் குழுவில் ஆர்கன் வாசிக்கிற பெரியவரிடம் போய்ச் சேர்ந்திருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் பக்கத்தில் நின்று பக்கம் புரட்டிக் கொடுப்பது, மற்ற நாளில் பாடம். நாலு குரலும் பிரிந்து போகிற அந்தப் பாமாலைகளை வைத்து நோட்ஸும் கார்டும் கற்றுக்கொண்டு வந்தான். வந்தவன் நேராக என்னிடம் வந்து, "பெட்டியில வார குழலை நானே வாசிக்கேன்" என்றான். பழைய கீபோர்டுகாரருக்கு அதற்குள் துபாய் விசா வந்திருந்தது. அப்படித்தான் அவன் கீபோர்டுகாரன் ஆனான். 2001-இல் செகண்ட்ஹேண்டில் ஒரு ரோலண்டு எக்ஸ்பி 60 கீபோர்டு வாங்கினான். நீங்கள் பார்த்தது அதைத்தான்.

அதில் அவன் குழல் டோனை வாசித்ததை நீங்கள் கவனித்திருந்தால் ஒன்று தெரிந்திருக்கும். மற்ற கீபோர்டுகாரர்கள் வாசித்தால் குழல் ஓடிக்கொண்டே இருக்கும், எங்கும் நிற்காது. மிஷினுக்கு ஏது மூச்சு? இவன் ஒரு வரி முடிகிற இடத்தில் விரலை எடுத்துவிட்டு, வாயைத் திறந்து நிஜமாகவே மூச்சு இழுப்பான். அந்த இடைவெளி விழுந்தவுடன் டோனுக்கு உயிர் வந்துவிடும். கமகத்துக்கு இடது பக்கத்தில் இருக்கிற லீவரைப் பெருவிரலால் லேசாகத் தள்ளுவான். ஸ்வரத்துக்குக் கீழேயிருந்து வழுக்கி ஏறுகிற மாதிரி, உதட்டைத் திருப்பி ஊதுகிற அதே கணக்கு. அவன் கடைசி வரை குழல்காரன்தான். பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தது குழலை மேடையில் தக்கவைக்க. ஒரு வருஷம் போனதும் மடியில் நிஜக் குழலையும் வைத்துக்கொண்டான், காலடியில் பெடலைப் போட்டுக்கொண்டான். கமிட்டிக்காரருக்குத் தனி ஆள் செலவு இல்லை, ஆகவே யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

ஆயுசு பற்றிக் கேட்டிருந்தீர்கள். காருகுறிச்சி அருணாசலம் 1921-இல் பிறந்து 1964-இல் போனார். ஆனால் இதில் நம் மண்ணுக்கென்று தனிச் சாபம் எதுவும் இல்லை. குழலைக் கர்னாடகக் கச்சேரி மேடையில் தனி வாத்தியமாக நிறுத்தியவர் என்று கும்பகோணம் சரப சாஸ்திரியைச் சொல்வார்கள். கண் தெரியாதவர். 1872-இல் பிறந்து 1904-இல் முடிந்துவிட்டார், 32 வயது. எல்லா ஊரிலும்தான் நடந்திருக்கிறது. அருணாசலத்துக்கு ஒரு அதிர்ஷ்டம், 1962-இல் 'கொஞ்சும் சலங்கை'யில் ஜானகியோடு 'சிங்காரவேலனே தேவா' பதிவாகிவிட்டது. இரண்டு வருஷத்தில் ஆள் போனார், அந்த ஆபேரி ராகம் இன்னும் நம் டீக்கடைகளில் ஒலிக்கிறது.

சென்னை விஷயத்தில் எனக்கு உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை. 'எங்கேயோ போயிருப்பார்' என்று சொல்லும்போது அவன் போன இடங்களெல்லாம் ஒன்றும் இல்லாத இடங்கள் ஆகிவிடுகின்றன. முக்கூடல், கடையம், களக்காடு, ஆலங்குளம் என்று வருஷத்துக்கு எழுபது, எண்பது மேடை ஏறியவன் அவன். களக்காட்டில் ஒரு பாட்டி பீடி சுற்றுகிற தட்டை மடியில் வைத்துக்கொண்டே முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள், அவன் குழலை எடுத்ததும் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். எனக்கு அது போதும். சென்னையில் அப்போது ஸ்டூடியோவுக்குள் கம்ப்யூட்டர் வந்து, வாத்தியக்காரர்களுக்கு வேலை குறைந்துகொண்டிருந்த நேரம் வேறு. இங்கேயும் நிலைமை நன்றாக இருந்தது என்று சொல்லவில்லை. 2000-இல் ஒலி மாசு விதிகள் வந்து, ராத்திரி பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்றார்கள். விடிய விடிய நடந்த கச்சேரிகள் சுருங்கின. அப்புறம் ஆடல் பாடல் வந்தது, அதற்குக் குழல் எதற்கு?

அவன் வாசித்ததில் மிச்சம் இருப்பது என்னிடம் இரண்டு கேசட், மைக்செட்காரர் பிடித்தது. ஒன்றில் பூஞ்சை. மற்றதில் நாலு நிமிஷம் நல்ல குழல் இருக்கிறது. சரியாக அது உச்சத்துக்கு ஏறும்போது ஒரு குரல் குறுக்கே வந்து, கொடைக்கு 501 ரூபாய் அன்பளிப்பு வழங்கியவர்களின் பட்டியலை வாசிக்கிறது. பதினாறு பெயர். அது என் குரல்.

ஏன் எழுதவில்லை என்று கேட்டீர்கள்.

2007 வைகாசியில் ஒரு கொடை. பாட்டு நடுவில் தற்செயலாகக் கீழே பார்த்தேன். பெடல் இடம் மாறியிருந்தது, இடது காலால் மிதித்துக்கொண்டிருந்தான். வலது காலைப் பின்னால் இழுத்து மடக்கி வைத்திருந்தான். எனக்குச் சர்க்கரையைப் பற்றி அப்போதே தெரியும், அவன் மாத்திரையைச் சரியாகப் போடுவதில்லை என்றும் தெரியும். சர்க்கரை முற்றினால் பாதம் மரத்துப்போகும் என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். செருப்புக்குள் ஏறியிருந்த ஒரு சின்ன ஆணி குத்திக்கொண்டே இருந்திருக்கிறது, பல நாள் அவனுக்கு உறைக்கவே இல்லை. புண் விரலைக் கறுப்பாக்கி, விரலை எடுத்து, பிறகு ரத்தத்தில் விஷம் ஏறி, கார்த்திகையில் எல்லாம் முடிந்தது.

அன்றைக்குப் பாட்டு முடிந்ததும், "என்னலே, இடது காலு? புது ஸ்டைலா?" என்று கேட்டேன்.

"ஆமா அண்ணாச்சி. இந்தக் காலுக்கும் வேலை குடுக்கணும்லா" என்றான்.

பாடகர் திரும்பி அரைக் கட்டை இறக்கச் சொன்னார். அவன் ட்ரான்ஸ்போஸ் பட்டனைத் தட்டிவிட்டு, பைக்குள் கையை விட்டான். நான் அடுத்த பாட்டை அறிவிக்கப் போனேன்.